விலை பேசாத ஆள்

விளம்பரம் போட்டு இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, போன் அடித்தது.

"ஆக்ஸிஜன் மெஷின் விற்பனைக்குன்னு போட்டிருக்கீங்களே, இன்னும் இருக்குங்களா?"

"இருக்கு."

"நான் எடுத்துக்கிறேங்க. நீங்க போட்டிருக்கிற விலைக்கே. தயவுசெஞ்சு வேற யாருக்கும் குடுத்துடாதீங்க."

எக்ஸ்ரே என்று பட்டப்பெயர் கொண்ட அவள் போனைக் காதிலிருந்து எடுத்து நம்பரை ஒரு தடவை பார்த்தாள். எப்படியும் குறைத்துத்தான் கேட்பார்கள் என்று கொஞ்சம் ஏற்றிப் போட்ட விலை அது. பழைய பொருளைப் பேரம் பேசாமல் வாங்குகிறேன் என்ற மனிதனை அவள் இதுவரை கண்டதில்லை.

"ஒரு தடவை வந்து பாருங்க. ஓட்டிக் காட்டுறேன்."

"வர முடியாதுங்க. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. மத்தியானத்துக்குள்ள படுக்கையைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. வீட்டுல ஆக்ஸிஜன் இல்லாம கூட்டிட்டுப் போக முடியாது. தெரிஞ்ச வேன்காரர் ஒருத்தரை ஒரு மணி நேரத்துல அனுப்புறேன், அவர்கிட்ட குடுத்தாப் போதும். உங்க நம்பருக்கு இப்பவே பணத்தைப் போட்டுடுறேன்."

அவள் பதில் சொல்வதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது.

ஏழு மாடிக் கடை வளாகம் ஒன்றின் வாசலில், வருகிறவர்களின் பைகளை எக்ஸ்ரே எந்திரத்துக்குள் விட்டுத் திரையில் பார்ப்பது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே நாற்காலி. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த எக்ஸ்ரே என்ற பெயரை அவள் கணவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுத்த பாடம் இன்றும் அவளுக்கு மனப்பாடம்: ஆளைப் பார்க்காதே, பையைப் பார். திருதிருவென்று முழிக்கிறவன் பையில் டிபன் பாக்ஸ் இருக்கும். சிரித்துக்கொண்டு வருகிறவன் பையில் கத்தி இருக்கும். ஆனால் போனில் வருகிறவனுக்குப் பை ஏது?

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. தங்கையின் கையெழுத்து. மூன்று மாதத்துக்கு முன் பழைய சோபாவை விற்கப் போட்டபோது ஒருவன், "பணம் வரணும்னா இந்தக் கட்டத்தை ஸ்கேன் பண்ணுங்க" என்று ஒரு படம் அனுப்பினான். அவளும் பண்ணினாள். வர வேண்டிய பணம் வரவில்லை. இருந்த பணம் போயிற்று. "ஊர்ல இருக்கிற பையையெல்லாம் ஸ்கேன் பண்றவ, சொந்தப் பையைத் தொலைச்சுட்டு வந்து நிக்கிறாளே!" என்று கணவர் சிரித்தார். தங்கை சிரிக்கவில்லை. மறுநாளே உட்கார்ந்து எழுதிக் கொண்டுவந்து ஒட்டினாள். விலை பேசாமல் சம்மதித்தால் சந்தேகப்படு. பொருளைப் பார்க்க வராவிட்டால் சந்தேகப்படு. அவசரப்படுத்தினால், வேறு ஆளை அனுப்பினால், பணம் வேறு பெயரிலிருந்து வந்தால் சந்தேகப்படு. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தாள்: அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றால் உடனே போனை வை.

போன் டிங் என்றது. பணம் வந்துவிட்டது. முழுத்தொகை. அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூக்கடையின் பெயர் இருந்தது.

"ஏங்க, இங்க வாங்க," என்றாள்.

அவள் கணவர் வீடுகளுக்கு வண்ணம் அடிக்கிறவர். தெருவில் எல்லாருக்கும் அவர் பெயிண்டர். நுரையீரலில் வந்த நோய் அவரை எட்டு மாதம் இந்த மெஷினோடு கட்டிப்போட்டிருந்தது. போன வாரம்தான் டாக்டர், இனி இது வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மெஷின் கூடத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, துடைத்து வைக்கப்பட்டு நின்றது. சின்ன அலமாரி உயரம், கீழே நான்கு சக்கரம். அதை விற்று வருவதில் அவருக்கு ஒரு நல்ல முகமூடியும் ஓர் ஏணியும் வாங்குவதாக ஏற்பாடு. இந்த மெஷினை வாங்குவதற்காகத்தான் பழைய ஏணிகளை விற்றிருந்தார்கள்.

அவர் போனை வாங்கிப் பார்த்தார். "பூக்கடையா? பரவாயில்லையே, நல்ல வாசனையான பணம்."

"விளையாடாதீங்க. பட்டியல்ல ஒண்ணு பாக்கியில்லாம எல்லாம் ஒத்துப்போகுது."

தங்கையைக் கூப்பிட்டார்கள். ஸ்பீக்கரில் அவள் குரல் கூடத்தை நிறைத்தது.

"அக்கா, கதவைத் திறக்காதே. சிவப்பு மையில எழுதினது எதுக்கு? அழகுக்கா?"

"பணம் வந்துடுச்சேடி."

"அதுதான் இப்ப புது வித்தை. அது எவளோ ஒரு பூக்கடைக்காரியை ஏமாத்தி எடுத்த பணமா இருக்கும். மெஷின் வேன்ல போயிடும். நாளைக்கு அவ புகார் குடுப்பா, உன் கணக்கை முடக்குவாங்க. பணமும் இல்லை, மெஷினும் இல்லை, நீதான் ஸ்டேஷனுக்கும் பேங்குக்கும் நடக்கணும். மாமா, சொல்லுங்க அவகிட்ட."

"நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்கம்மா. எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் பெயிண்டர். "இந்த மெஷினை நாம எப்படி வாங்கினோம்?"

எக்ஸ்ரே யோசித்தாள். எட்டு மாதத்துக்கு முன் அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள். கடைகளில் மெஷின் இல்லை. விளம்பரத்தில் ஒரு நம்பர் கிடைத்தது. விலையைக் கேட்டாளா என்பதே ஞாபகமில்லை. பார்க்கப் போகவில்லை. பெயிண்டரோடு வேலை செய்கிற, சுவருக்குப் பட்டி பூசுகிறவர்தான் வண்டி எடுத்துக்கொண்டு போனார்.

"பணம் யாருடி அனுப்பினா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

தங்கை குரலைத் தணித்துக்கொண்டாள்.

"நான்தான். என் கணக்குல அன்னைக்கு அவ்வளவு இல்லை. எங்க ஆபீஸ் சூப்பர்வைசர் கணக்குல இருந்து அனுப்பச் சொன்னேன்."

"அப்ப நாமளும் இந்தப் பட்டியல்லதானே இருந்தோம்?"

"அது வேற அக்கா."

"எப்படி வேற?"

"அது நாம."

பெயிண்டர் சிரித்த சிரிப்பில் தங்கை கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டாள். எக்ஸ்ரேவால் சிரிக்க முடியவில்லை. வேன் வர முக்கால் மணி நேரம் இருந்தது. ஆள் திருடனாக இருந்தால் மெஷினும் கணக்கும் போகும். நிஜமாக இருந்து அவள் கதவைச் சாத்தினால், மூச்சுக்குத் தவிக்கிற ஒரு மனுஷி இன்று மத்தியானம் வெறும் வீட்டுக்குப் போய்ப் படுப்பாள்.

போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். 'ஆக்ஸிஜன் அம்மா' என்று அன்றைக்கு அவசரத்தில் பதிந்து வைத்த நம்பர் இன்னும் இருந்தது. அழுத்தினாள்.

"யாரு?" வயதான, கறாரான குரல்.

"அம்மா, எட்டு மாசத்துக்கு முன்னாடி உங்ககிட்ட ஆக்ஸிஜன் மெஷின் வாங்கினவங்க பேசுறோம்."

"நான் எதுவும் விக்கலை. எதுவும் வாங்கவும் போறதில்லை."

"இல்லம்மா, வாங்கிட்டோம். அன்னைக்கு உங்க வீட்டுக்கு எங்க ஆள்தான் வந்தார். நான் வரலை..."

"வீட்டையே பார்க்காதவளுக்கு என் நம்பர் மட்டும் எப்படிக் கிடைச்சது?"

"எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேண்டாம்மா."

"ஒண்ணும் வேண்டாம்னு ஆரம்பிக்கிறவங்கதான் கடைசியில எல்லாத்தையும் வாரிட்டுப் போறாங்க. ஓடிபி நம்பரெல்லாம் சொல்ல மாட்டேன், வேற வேலையைப் பாரு."

பெயிண்டர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். எக்ஸ்ரே தவித்துப்போய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மெஷினின் முதுகில், காற்று புகும் இடத்துக்கு மேலே ஒட்டியிருந்த சீட்டு கண்ணில் பட்டது. வந்த நாளிலிருந்து இருப்பது. குனிந்து, போனில் கேட்கும்படி வாசித்தாள்.

"சனிக்கிழமை பில்டர் கழுவணும். மறந்தா உன்னோட பேச மாட்டேன்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"அது இன்னும் இருக்கா?"

"இருக்கும்மா. நீங்க எழுதினதா?"

"அவர் எழுதினது. எனக்கு." கறார் கொஞ்சம் இறங்கியிருந்தது. "ரெண்டு தடவை மறந்தேன். ரெண்டு தடவையும் நாள் முழுக்கப் பேசலை மனுஷன். பேசினா மூச்சு வாங்கும், அது அவருக்கு வசதியாப் போச்சு." சிரித்தாள். பிறகு, "உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?" என்றாள்.

கேட்கவே பயந்துகொண்டு கேட்ட மாதிரி இருந்தது.

"நல்லா இருக்கார்மா. மெஷின் வேண்டாம்னு சொல்லிட்டாங்க. மாடிப்படி ஏறி இறங்குறார். என்னைக் கேலி பண்றார்."

"நல்லா இருக்கட்டும்," என்றாள் அந்த அம்மா. இன்னொரு தடவையும் சொன்னாள். "நல்லா இருக்கட்டும்."

"அவர் பிழைச்சது உங்களாலதான். எட்டு மாசமா ஒரு நன்றிகூடச் சொல்லலை. இப்பக்கூட ஒரு காரியமாத்தான் கூப்பிட்டேன்." எக்ஸ்ரே விஷயத்தைச் சொன்னாள். பூக்கடை, வேன், அம்மா, எல்லாம். "அன்னைக்கு நாங்களும் இப்படித்தானே வந்தோம்? எங்களை எப்படி நம்பினீங்க?"

"யாரு நம்பினா? பயந்துகிட்டேதான் குடுத்தேன். உங்க ஆள் சட்டையெல்லாம் சுண்ணாம்பா வந்து நின்னார். பேயடிச்சவர் மாதிரி இருந்தார். அந்த வாரம் பூரா எந்த போன் வந்தாலும் எடுக்கலை, போலீஸோன்னு பயம். ஆனா இங்க அது சும்மா நின்னுகிட்டு இருந்துச்சு. தினம் அதைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். ஏமாந்தா ஒரு மெஷின் போகுதுன்னு நினைச்சேன். அதைவிடப் பெரிசெல்லாம் அதுக்கு முந்தின மாசமே போயிடுச்சு."

எக்ஸ்ரே மெஷினின் மேல் கையை வைத்தாள்.

"அந்தச் சீட்டைக் கிழிச்சுடாதே," என்றாள் அந்த அம்மா. "வாங்குற வீட்லயும் மறப்பாங்க."

வேன்காரர் சொன்ன நேரத்துக்கு வந்தார். மூன்று மாடி ஏறிய கோபம் முகத்தில் தெரிந்தது. "லிப்ட் இல்லைன்னு சொல்லவே இல்லையேக்கா. பூக்கூடை ஏத்துற கை இது, இதையெல்லாம் தூக்கினா நாளைக்கு மாலைகூடத் தூக்க முடியாது." எக்ஸ்ரே அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள். ஒன்றும் விளங்கவில்லை. சட்டைத் தோளில் இரண்டு இதழ்கள் ஒட்டியிருந்தன. அதையும் வேண்டுமென்றே ஒட்டிக்கொண்டு வரலாம். பயம் போகவில்லை. பயத்தோடேயே மெஷினை அணைத்துப் பிடித்து, பெயிண்டரை ஒதுங்கச் சொல்லிவிட்டு, வேன்காரரோடு ஒவ்வொரு படியாக இறக்கினாள்.

வேனில் ஏற்றிக் கயிறு கட்டும்போது போன் அடித்தது. அதே ஆள். பின்னால் கட்டில் சக்கரம் உருளும் சத்தமும் யாரோ யாரையோ கூப்பிடுவதும் கேட்டது.

"அக்கா, ஒண்ணு கேட்க மறந்துட்டேன். மூக்குல மாட்டுற குழாய் எவ்வளவு நீளங்க? அம்மா படுக்கிற இடத்துல இருந்து பாத்ரூம் பதினாறு அடி. யாரும் தூக்கிட்டுப் போறது அவங்களுக்குப் பிடிக்காது. தானே நடந்து போகணும்னு அழறாங்க."

எக்ஸ்ரே வேனின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஒரு தூரத்தை அவளும் அளந்து பார்த்திருக்கிறாள், தன் வீட்டில், தையல் டேப்பை வைத்துக்கொண்டு.

"போதும் தம்பி," என்றாள். "கூட ஒரு நீளக் குழாயும் வச்சிருக்கேன். அதுக்குக் காசு வேண்டாம். விலையிலயும் கொஞ்சம் திருப்பி அனுப்புறேன், பேரம் பேசுவாங்கன்னு ஏத்திப் போட்டுட்டேன்."

"ஐயோ, அதெல்லாம் எதுக்குங்க. நான் வேலை பாக்கிற பூக்கடை முதலாளியம்மா குடுத்த பணம்..."

"முதலாளியம்மாகிட்டயே குடுங்க."

அதற்குள் பெயிண்டர் படியிறங்கி வந்து கையை நீட்டினார். "குடு, நான் சொல்றேன். உனக்கு என்ன தெரியும்? மாட்டிக்கிட்டுப் படுத்தது நான்." போனைப் பிடுங்கிக்கொண்டார். "தம்பி, நல்லாக் கேட்டுக்கோ. குழாயைக் காதுக்கு மேல விடு, இறுக்காதே, காது புண்ணாயிடும், பஞ்சு வச்சுக்க, முதல் ரெண்டு நாள் இந்தச் சத்தத்துல தூக்கமே வராது, அதுக்காக அடுத்த ரூம்ல தள்ளி வச்சுடாதே, சுவரை ஒட்டியும் வைக்காதே, அதுவும் மூச்சு விடணும்ல, அப்புறம் அம்மா கோபப்படுவாங்க, உன்னைத்தான் திட்டுவாங்க, திட்டட்டும், திட்ட முடியுதுன்னா நல்லதுன்னு வச்சுக்கோ..."

வேன்காரர் வண்டியைக் கிளப்பிவிட்டு ஹாரன் அடித்தார். "அண்ணே, நான் போய்ச் சேர்றதுக்குள்ள முடிச்சுடுவீங்களா?"

பெயிண்டர் காதில் வாங்கவில்லை. வேன் திருப்பத்தில் மறைந்த பிறகும் தெருவில் நடந்துகொண்டே பேசினார். அவரை நிறுத்தச் சொல்லத்தான் எக்ஸ்ரே வாயெடுத்தாள். இந்த மனிதர் மெஷின் வந்த புதிதில் மாதக்கணக்கில், தண்ணீர் வேண்டும் என்பதைக்கூடக் கையால்தான் காட்டினார். இப்போது மூச்சு வாங்காமல், கமா போட்ட மாதிரிகூட நிற்காமல், முன்பின் தெரியாத ஒருவனுக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தார்.

அவள் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.