இறந்தவை: இல்லை

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழரை மணிக்கு, சேரப்பணஞ்சேரிக்குப் போகும் சாலையில் ஏரிக்கரைக்குக் கீழே இருந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, சந்தனமாரி பறவைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏரி அவள் முதுகுக்குப் பின்னால், கரைக்கு அந்தப் பக்கம் கிடந்தது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

மடியில் இரண்டு தாள்கள். ஒன்று பதினைந்து நாளைக்கு முன்னால் எழுதியது, மற்றது இன்றைக்கு எழுத வேண்டியது. போன தடவை நாமக்கோழி, நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட அந்தக் கறுப்பு ஏரிக்கோழி, நூற்றிருபது, ஆகவே இந்தத் தடவை நூற்றுப்பதினேழு. ஊசிவால் வாத்துகள் வடக்கே கிளம்புகிற காலம் என்பதால் நாற்பதை இருபத்தெட்டாக்கினாள். அதே எண்ணை அப்படியே போட்டால் மாட்டிக்கொள்வோம், இரண்டு மூன்று கூட்டிக் குறைத்துப் போட்டால் ஒருவரும் கேட்க மாட்டார்கள். இது அவள் வேலை பார்க்கும் கம்பெனியில் கற்ற வித்தை. ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரு மாதத்துச் செக் ஷீட்டை ஒரே மூச்சில் நிரப்பிவிடுவார்கள். ஒரே பேனாவால் எழுதினால் தெரிந்துவிடும் என்று நடுநடுவே பேனாவை மாற்றுவார்கள். அவ்வளவு பொறுப்பு.

சந்தனமாரிக்குக் கோவில்பட்டிப் பக்கம். காருக்கு ரப்பர் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை. இரண்டு வருடமாக டிரெய்னி, வருகிற மாதம் நிரந்தரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கம்பெனியில் 'ஏரி நண்பர்கள்' என்று ஒரு குழு. பழவேற்காட்டிலிருந்து முட்டுக்காடு வரை கடலோரத்தில் பறவை எண்ணுகிறவர்கள், கடலிலிருந்து உள்ளே தள்ளியிருக்கிற ஏரிகளையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள ஆள் தேடினார்கள். கம்பெனி ஒப்புக்கொண்டது. தை பிறந்ததிலிருந்து பங்குனி முடிய, பதினைந்து நாளைக்கு ஒருமுறை எண்ணிக்கை. தாள் அவர்களுக்குப் போகும். ஊர்க்காரர்களும் தெரிந்துகொள்ளட்டும் என்று கரைமேல் ஒரு கரும்பலகை வைத்து, அதிலும் எழுதிப் போடுவார்கள்.

அவள் ஆரம்பத்திலேயே இப்படி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். தை மாதத்தில் பனியோடு பனியாகக் கரையில் நின்று ஒவ்வொன்றாக எண்ணியவள்தான். மீசை ஆலாக்கள் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறப்பதைப் பார்த்துக்கொண்டே நின்று, ஒரு நாள் கம்பெனி பஸ்ஸைக்கூட விட்டிருக்கிறாள். பிறகு ஓ.டி. என்று கூடுதல் நேர வேலை வந்தது. சனிக்கிழமை இரவு ஷிப்டு முடித்துவிட்டு வந்தால் கண் எரியும். டீக்கடை பெஞ்சு வசதியாக இருந்தது.

ஆனாலும் போன தடவை அவள் கரையேறித்தான் போயிருந்தாள். வடக்கு மூலையில், கால்வாய் வந்து சேரும் இடத்தில், கோரைக்குள் ஏழு நாமக்கோழிகள் செத்துக் கிடந்தன. எட்டாவது உயிரோடு இருந்தது. அதற்குக் கழுத்து நிற்கவில்லை. தலையைத் தூக்கும், தலை தண்ணீரில் விழும், மறுபடி தூக்கும். கண் மட்டும் நன்றாக விழித்து அவளையே பார்த்தது. கால்வாய்த் தண்ணீரில் ஏதோ மருந்து வாடை அடித்தது.

தாளின் கடைசி வரியில் 'இறந்தவை, நோயுற்றவை' என்று ஒரு கட்டம் உண்டு. பேனாவை அதில் வைத்தபோது அவளுக்கு ஐப்பசி மாதத்து ஞாபகம் வந்தது. அன்று ஒரு பெட்டிச் சரக்கில் விரிசல் பார்த்து, ரிஜெக்ட் என்று சிவப்புச் சீட்டு ஒட்டினாள். லைன் நாற்பது நிமிடம் நின்றது. அவள் சொன்னது சரி என்று பிற்பாடு தெரிந்தது. ஆனாலும் ஒரு வாரம் யாரும் அவளோடு சாப்பிட உட்காரவில்லை. ஏழு கோழிக்காக மறுபடி அந்தப் பாடு எதற்கு என்று, 'இல்லை' என்று எழுதினாள். கரும்பலகையிலும் அதையே பெரிதாக எழுதினாள். யாரும் அவளை அப்படி எழுதச் சொல்லவில்லை.

"சந்தனமாரி, முடிச்சாச்சா?"

லைன் சூப்பர்வைசர் பெருமாள்சாமி பைக்கில் வந்து இறங்கினார். சாத்தூர்க்காரர், ஏரி நண்பர்களுக்கும் அவர்தான் தலைவர். கையில் பேனர் சுருள்.

"முடிச்சிட்டேன் சார்."

"ஒம்பது மணிக்கு ஹெட் ஆபீஸ்ல இருந்து வாராங்க. போட்டோ எடுப்பாங்க. மொதல்ல போயி போர்டுல எழுதிருங்க. பழசு பதினஞ்சு நாளா அப்படியே கெடக்கு."

சந்தனமாரி சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரையேறினாள்.

மேலே வந்ததும் முதலில் அவளுக்கு உறைத்தது சத்தம் இல்லாததுதான். விடிந்து இவ்வளவு நேரத்துக்கு நாமக்கோழிகளின் சண்டையில் காது புளிக்க வேண்டும். இப்போது நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகிற இரைச்சல் மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லாம் வடக்கே போயிருக்கும் என்று மனதைத் தேற்றினாள். வாத்து போகும், சரி. வருடம் முழுக்க இங்கேயே கிடக்கிற முக்குளிப்பான் எங்கே போகும்? நாரைகூட ஒன்று இல்லை.

வடக்கு மூலை வரை நடக்க வேண்டியிருக்கவில்லை. பாதி தூரத்திலேயே செத்துக் கிடந்தவை தெரிந்தன. கரையோரம் நெடுக, தண்ணீர் ஒதுக்கிய குப்பையோடு குப்பையாக, கறுப்புக் கறுப்பாக. முப்பது வரை எண்ணினாள். அதற்குமேல் எண்ண முடியவில்லை. ஒரு காகம் அவற்றின் பக்கத்தில் இறங்கி, கொத்தாமலே எழும்பிப் போனது.

பின்னாலேயே வந்த பெருமாள்சாமியும் பார்த்துவிட்டார். பிறகு மணிக்கட்டில் நேரத்தைப் பார்த்தார்.

"சரி, பதறாதீங்க. பசங்கள விட்டு ஒரு சாக்குல அள்ளிப் பொதைக்கச் சொல்லுதேன். போட்டோவ மதகுப் பக்கம் வச்சுக்கிடலாம்."

"சார், எழுதணும்லா சார் இத?"

"எழுதுவோம். அடுத்த தடவ எழுதுவோம். ஒங்க கன்பர்மேஷன் பேப்பர்ல கையெழுத்துப் போடுத ஆளு இன்னைக்கு வாராருங்கறத மறந்துராதீங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது பைக்கில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவர். அதனால்தான் அவர் பேச்சு நியாயம் மாதிரியே கேட்டது. சந்தனமாரி தலையாட்டிவிட்டுக் கரும்பலகையை நோக்கித் திரும்பினாள். அப்போதுதான் போன் அடித்தது. அவளோடு அறையில் தங்கியிருக்கும் தங்கமாரி.

"ஏட்டி சந்தனம், எங்க இருக்க? ஓனர் அக்கா மகளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுதாவ. காலையில எந்திரிச்சதுல இருந்து கனிஷ்காவுக்குக் கழுத்து நிக்க மாட்டேங்கு. தொவண்டு தொவண்டு விழுது. கண்ண மட்டும் முழிச்சிப் பாக்கா."

கனிஷ்கா, வீட்டு ஓனர் புருஷோத்தமனின் மகள், ஆறு வயது. மாலையில் இவள் அறை வாசலில் வந்து உட்கார்ந்து பறவைப் பட அட்டையைப் புரட்டுகிறவள். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டு, பெருமாள்சாமி கூப்பிடக் கூப்பிட, கரையிறங்கி ஷேர் ஆட்டோவைப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் கனிஷ்காவின் அம்மா சசிரேகா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். வல்லக்கோட்டை முருகனுக்கு மாலை போட்டு, பங்குனி உத்திரத்துக்கு விரதம் இருக்கிறவள். கழுத்தில் துளசி மாலை. புருஷோத்தமன் எதிர் மூலையில் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். குடோனில் போர்க்லிப்ட் ஓட்டுகிற வாட்டசாட்டமான ஆள், அன்று பாதியாகத் தெரிந்தார். திறந்த கதவுக்குள் கட்டிலில் குழந்தை. டாக்டரம்மா தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார். கையை எடுத்ததும் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. கண் விழித்திருந்தது.

டாக்டரம்மா வெளியே வந்தார். "இது சாதாரண வாந்தி பேதி இல்லம்மா. நரம்பப் பிடிக்கிற ஏதோ விஷம் உள்ள போயிருக்கு. என்னன்னு தெரிஞ்சாத்தான் சென்னையில மருந்து தயாரா வைப்பாங்க. மூச்சும் கொறஞ்சுக்கிட்டு வருது. நேத்து என்ன சாப்பிட்டா?"

"சாம்பார் சோறுதான் மேடம். வூட்ல கவுச்சியே ஏத்தறதில்ல, நான் விரதத்துல கீறேன்," என்றாள் சசிரேகா. திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள் என்பது அவள் குரலில் தெரிந்தது.

புருஷோத்தமன் நிமிரவில்லை. சந்தனமாரி அவரைப் பார்த்தாள். வீட்டுக்குள் மீன் மாமிசம் ஏறாத இந்த நாட்களில், அவர் கொல்லையில் மூன்று கல் வைத்துத் தனியாகச் சமைத்துக்கொள்வது அவளுக்குத் தெரியும். கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால், ஏரிப் பறவைக்குச் சீக்கு என்று உனக்கு எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும் என்று ஒரு நொடியில் தோன்றியது. குழந்தையின் கண் கதவு வழியாக அவள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"டாக்டர், ஏரியில பறவை சாவுது. பதினஞ்சு நாளா சாவுது. கழுத்து இதே மாதிரி தொவண்டுதான் சாவுது. நான் கண்ணால பாத்தேன். பாத்துட்டு, ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டேன்." புருஷோத்தமன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, ஏரிக்கோழி எதையும் பிடிச்சீங்களா? சொல்லிருங்கண்ணே."

புருஷோத்தமன் எழுந்தார். மனைவியைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துப் பேசினார்.

"முந்தாநேத்து ரெண்டு புடிச்சாந்தேன் மேடம். பறக்கல, கையாலயே எடுத்தேன். பாரஸ்ட்காரங்க கேஸ் போட்டுடுவாங்கன்னு வாயத் தொறக்கல. நேத்து சாயங்காலம் கொல்லையில கொழம்பு வெச்சேன். எனக்கு எறங்கல, ரெண்டு வாய்தான் துன்னேன். பாப்பா ஈரலு கேட்டுச்சி. குடுத்தேன்."

"பறக்க முடியாத பறவைன்னா சீக்குன்னு தெரியாதாங்க?"

"நானும் யோசிச்சேன் மேடம். இன்னாடா இது, இப்டி சுருண்டு கெடக்குதேன்னு. அப்பால கரமேல போர்டப் பாத்தேன். செத்தது இல்லன்னு எழுதிக்கீது. நம்ம வூட்டுப் பொண்ணு எழுதனது. படிச்ச பொண்ணு. அதான் தைரியமா எடுத்துக்கினு வந்தேன்."

சசிரேகா துளசி மாலையைக் கையில் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா உள்ளே ஓடிச் சென்னைக்குப் போன் போட்டார். போட்டுவிட்டு வந்து புருஷோத்தமனையும் பரிசோதித்து, அவரும் கூடவே வந்து படுக்க வேண்டும் என்றார். "வேற யாரும் பிடிச்சாங்களா?" என்று கேட்டார்.

"நம்ம லைன் ரூம்ல வாடகைக்கு கீற பையன் கொம்பையா. அவனும் மூணு எடுத்துக்கினு போனான். பிரிட்ஜில கீது, ஞாயித்துக்கெழம ஆக்கறோம்னான். இன்னிக்கித்தான்."

சந்தனமாரி உடனே தங்கமாரிக்குப் போன் செய்தாள். "ஓடிப் போயி கொம்பையா ரூம் அடுப்ப அணை. கொழம்ப யாரும் தொடக் கூடாது. கீழயும் கொட்டாத, மூடி வை. காரணம் கேட்டா நான் சொன்னேன்னு சொல்லு." பதிலுக்குத் தங்கமாரி ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டு நிமிடம் கழித்து, வதக்கிக்கொண்டிருந்தார்கள், யாரும் வாயில் வைக்கவில்லை என்று சொன்னாள். சந்தனமாரி படியில் உட்கார்ந்தாள்.

அடுத்து வந்தது பெருமாள்சாமியின் அழைப்பு. "எல்லாரும் வந்தாச்சு. போர்டுல ஒண்ணும் எழுதாம எங்க போயிட்டீங்க?"

"சார், செத்ததுல ஒண்ணக்கூடப் பொதைக்காதீங்க. சோதிக்க ஆளு வருவாங்க, டாக்டர் சொல்லிட்டாங்க. கலெக்டர் ஆபீஸுக்கும் நான் எழுதிக் குடுக்கப் போறேன். பதினஞ்சு நாளைக்கு முந்தி பாத்ததையும், மறைச்சதையும் சேத்து."

"ஒங்க வேலை போயிரும்மா."

"போகட்டும் சார். ஒரு புள்ள மூச்சு விடச் சிரமப்படுது."

அந்தப் பக்கம் யாரோ போட்டோவுக்குக் கூப்பிடுகிற குரல் கேட்டது. பிறகு, "பொதைக்கல. அள்ளின சாக்க எறக்கச் சொல்லுதேன்," என்றார் அவர்.

ஆம்புலன்ஸ் வந்தது. குழந்தையின் வாயில் குழாய் பொருத்தியிருந்தார்கள். பிழைப்பாளா என்று சசிரேகா கேட்டதற்கு, டாக்டரம்மா வாக்குக் கொடுக்கவில்லை. இப்போதாவது தெரிந்ததே, நேற்றே தெரிந்திருந்தால் தைரியமாகச் சொல்லியிருப்பேன் என்றார். சந்தனமாரி பக்கத்தில் போய், "அக்கா," என்றாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

சசிரேகா ஆம்புலன்ஸ் படியில் ஒரு காலை வைத்தபடி நின்றாள். கோபமாகக்கூடப் பேசவில்லை.

"உங்க கம்பெனில தப்பா எழுதினா ஒரு பார்ட்டத் தூக்கி எறிவீங்க, அவ்ளோதான். இது ஏரிம்மா. கண்ணால பாத்தத இல்லன்னு எழுதினா, அத நம்பி ஒரு வூட்ல ஒல வெப்பாங்க."

கதவைச் சாத்தினார்கள். வண்டி ஒலியெழுப்பிக்கொண்டு சென்னைச் சாலையில் திரும்பியது. சந்தனமாரி ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, கலெக்டர் ஆபீஸுக்கு எழுத ஒரு தாளை எடுத்தாள். அதில் எழுதப் போகிற முதல் வரியை, ஏழு பறவை செத்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும்.