மாரிக்கனியின் மாந்தோப்பில் இலைகள் இல்லை

1
இந்தக் கதை என் கையெழுத்தில் தொடங்கியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த ஓவியப் போட்டியில் நானும் ஒரு நடுவர். மாரிக்கனி வரைந்த மாந்தோப்புப் படத்தின் பின்பக்கம் ‘முழுமையடையாதது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்தான்.

2
இதற்கு நான் எழுதிப்பார்த்த முதல் தொடக்கம்: ‘மலையடிவாரத்தில் பொன்வெயில் பொழியும் ஒரு...’

வேண்டாம். அந்தப் படத்தில் பொன் கிடையாது. நிழல் ஊதாவாக இருந்தது. (நிழல் கறுப்பு என்றுதான் அதுவரை நம்பியிருந்தேன்.) இலை என்று ஒன்றுகூட இல்லை, பச்சையும் மஞ்சளும் திட்டுத்திட்டாக. பழங்கள் வெறும் ஆரஞ்சுப் பொட்டுகள். கிட்டே போனால் ஒன்றும் விளங்காது. பத்தடி தள்ளி நின்றால் கண் கூசும்.

3
மாரிக்கனிக்கு ஊர் ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டி. பேண்டேஜ் துணி நெய்யும் தறியில் வேலை. ‘ஏழைத் தொழிலாளியின் கலைத்தாகம்’ என்று ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பரிதாபப்படச் சொல்லி அவர் யாரையும் கேட்கவில்லை.

4
தலைமை நடுவர் கண்ணுச்சாமி, ஓய்வுபெற்ற டிராயிங் மாஸ்டர்.

“இலைக்கெல்லாம் அவுட்லைன் போட்டுக் கொண்டுவாம்மா. முதல் பரிசு உனக்குத்தான்.”

“வெயில்ல நிக்கிற மரத்துல எம்புட்டு இலைய எண்ணிருக்கீய, சார்?”

“படம்னா ஒரு ஃபினிஷிங் வேணும்ல?”

“இது முடிஞ்சிருச்சு. இனி ஒரு கோடு போட்டாலும் அது வேற வெயிலாயிரும்.”

கண்ணுச்சாமி என்னைப் பார்த்தார். நான் பேனா மூடியைத் திறந்தேன்.

(அவரைக் கெட்டவராக்கினால் கதை சுலபமாகிவிடும். முயன்றேன், முடியவில்லை. அவர் நம்பியதைச் சொன்னார். நான் நம்பாததில் கையெழுத்துப் போட்டேன்.)

5
மாரிக்கனி படத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ரோட்டோர மதிலில் சாய்த்துவைத்துப் பக்கத்திலேயே நின்றார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் கூடினார்கள். “ஏலே, தள்ளி நின்னு பாருலே!” என்று யாரோ கத்தினார். உட்கார்ந்த இடத்திலிருந்து ஜன்னல் வழியாக எனக்கு அவர்களுடைய முகங்கள் மட்டும் தெரிந்தன. ஒவ்வொருவராகக் கண்ணைச் சுருக்கினார்கள்.

6
முடிவு ஒன்று: நடுவர்கள் மனம் மாறி வெளியே ஓடிவந்து பரிசைக் கொடுக்கிறார்கள்.

இதைப் போனில் மாரிக்கனிக்கு வாசித்துக் காட்டினேன்.

“பொய் எழுதாதீய சார். நீங்க யாரும் வெளிய வரலையே.”

“மன்னிப்புக் கேட்கிற மாதிரி முடிக்கட்டுமா?”

“அது ஒங்க கதை. எனக்கு எதுக்கு? வெயில் வந்துருச்சு, படம் போடணும், வைக்கேன்.”

வைத்துவிட்டார்.

முடிவு இரண்டை நான் எழுதப்போவதில்லை. அன்று நான் ஃபேனுக்குக் கீழேயே உட்கார்ந்திருந்தேன். ரோட்டில் நின்று பார்த்தவர் நீங்கள் என்றால், என் கையிலிருக்கும் பேனாவை வாங்கிக்கொள்ளுங்கள்.