மாமனார் வந்தால் அணையும் திரை

பெமிலாவை முதல் பிரசவத்துக்கு அவள் வீட்டில் கொண்டுவிட வந்தவன், நானும் அங்கேயே தங்கிவிட்டேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களைச் சரிபார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. அதைச் சென்னையில் இருந்து பார்த்தாலும் அவள் ஊர் கருங்கலில் இருந்து பார்த்தாலும் அமெரிக்காக்காரனுக்கு ஒன்றுதான். என் மாமனார் ஞானசிகாமணி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், சர்ச் சபையின் செயலாளர். மருமகன் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டுமே என்று நாகர்கோவிலில் இருந்து ஒரு சுழல் நாற்காலியை வேன் பிடித்து ஏற்றி வந்திருந்தார். உட்கார்ந்தால் உஸ்ஸென்று கொஞ்சம் இறங்கும், எழுந்தால் உஸ்ஸென்று ஏறும். அந்த வீட்டில் அவருக்கே அப்படியொரு நாற்காலி கிடையாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் அறைக்குள் வந்தால் சின்னவர் எழுந்து நிற்க வேண்டும், போதகர் வந்தால் எல்லாரும். யாரும் எழுதி ஒட்டவில்லை என்றாலும், எழாதவனைப் பற்றி ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சர்ச் முற்றத்தில் பேச்சு வரும். அதனால் மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டாலே நான் துள்ளி எழுந்துவிடுவேன். காலமெல்லாம் பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்தவர், அதை ரசித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

வந்த வாரமே வினை தொடங்கியது. சந்தையில் இருந்து திரும்பியவர், நெய்மீன் கிடைத்த பெருமையைச் சொல்ல என் அறைக்குள் வந்தார். நான் எழுந்தேன். மேசையில் இருந்த மானிட்டர் பட்டென்று கறுத்தது. இரண்டு மூன்று மூச்சு விடுவதற்குள் படம் திரும்பி வந்துவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமனார் எடுத்துக்கொண்டார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அதன்பிறகு அடிக்கடி நடந்தது. எப்போதும் இல்லை, சில நாள் அணையாமலும் இருக்கும். ஆனால் அணைந்தால் அவர் வரும்போதுதான் அணைந்தது. கேபிள் லூசு என்று ஒருநாள் சொன்னேன். வோல்டேஜ் சரியில்லை என்று மறுநாள் சொன்னேன். அவர் இரண்டுக்கும் “ம்” என்றார். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் சொல்லும் எல்லாக் காரணத்தையும் கேட்டு முடித்த ஒருவரின் “ம்” அது. போதாததற்கு, நாற்காலியை விட்டு எழுந்து போகும்போதெல்லாம் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. பாஸ்வேர்டு போட்டு மூடிவைக்கிற அளவுக்கு அதற்குள் என்ன இருக்கிறது என்று மாமனார் யோசிக்காமல் இருப்பாரா?

நான் செய்யாத வைத்தியம் இல்லை. பிளக்கை வேறு சுவரில் மாட்டினேன். மின்சாரம் மிச்சப்படுத்தும் அமைப்பையெல்லாம் நிறுத்தினேன். டிரைவரை நீக்கி மறுபடி ஏற்றினேன். கடைசியில் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் சுபின் வந்து அரைமணி நேரம் பக்கத்திலேயே நின்று பார்த்தான். திரை இமைக்கவே இல்லை. இருந்தாலும் தன் கடையில் இருந்து வேறொரு மானிட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் மாமனார் வந்தார், புது மானிட்டரும் கறுத்தது. மானிட்டர் மாறியும் கோளாறு மாறவில்லை, மாறாதது மாமனார் மட்டும்தான் என்று பட்டது. எனக்கு அவர் சட்டைப்பையில் இருந்த பழைய போன்மேல் சந்தேகம் வந்தது. அதை வெளியே வைத்துவிட்டு உள்ளே வரச்சொல்லித் தொலைத்தேன். மறுநாள் போன் இல்லாமல் வந்தார், இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். எழுந்து நின்ற என் பின்னால் திரை அணைந்தது.

பெமிலா முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டாள். ஒருநாள் மதியம் டீயை மேசையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

“அப்பா வரும்போ மட்டும் ஏன் அணையுது? நான் எத்தன தடவ டீ கொண்டு வாரேன், ஒருநாளும் அணைஞ்சதில்லியே.”

அதுதானே நான் எதையும் மறைக்கவில்லை என்பதற்குச் சாட்சி என்றேன். மாமனார் அதை வேறுமாதிரி சொன்னாராம். அவளுக்குப் பயப்படாதவன், அவள் வந்தால் எதற்கு மறைக்கப் போகிறான் என்று கேட்டாராம். விஷயம் தெளியாமல், பிரசவம் முடிந்தாலும் பிள்ளையையும் தாயையும் சென்னைக்கு அனுப்புவதில்லை என்றும் முடிவு செய்துவிட்டாராம்.

“நீ என்ன சொன்ன?” என்றேன்.

“நீங்க உள்ளத எங்கிட்ட சொல்லுங்க,” என்றாள்.

மாமனார் சந்தேகப்பட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அவளே கேட்டது அப்படியில்லை. அன்று ராத்திரி நெய்மீன் குழம்பு இருந்தும் சோறு இறங்கவில்லை.

என்னிடம் பக்குவமாகப் பேசுவதற்கு மாமனார் போதகரை வரச்சொன்னார். போதகர் எபிசன் சபைக்குப் புதிதாக வந்தவர், வயதில் என்னைவிட இளையவர். அவர் வருகிற அன்று எனக்கு வெறுத்துப்போய்விட்டது. யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளட்டும் என்று, கம்பெனி விதியையும் மீறி, கம்ப்யூட்டரைத் திறந்தபடியே போட்டுவிட்டுக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனேன்.

திரும்பி வந்தபோது என் நாற்காலியில் மாமனார் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி மூக்கு நுனியில் இருந்தது, கை மவுஸைப் பிடித்திருந்தது, முகம் திரையில் முட்டும் தூரத்தில் இருந்தது. யாரோ ஒரு அமெரிக்கக் கிழவரின் கால்புண்ணுக்கு ஆன செலவை வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தார். உள்வாசலில் பெமிலா நின்றிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் “ஸ்தோத்திரம் ஐயா” என்றபடி போதகர் நேராக அறைக்குள் வந்துவிட்டார்.

மாமனார் துள்ளி எழுந்தார். திரை பட்டென்று கறுத்தது.

போதகர் கறுத்த திரையைப் பார்த்தார். மவுஸை இன்னும் விடாத மாமனாரின் கையைப் பார்த்தார். பிறகு மரியாதையாகத் தரையைப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல ஐயா. அது தானா அணைஞ்சிட்டு,” என்றார் மாமனார்.

“ம்,” என்றார் போதகர்.

அப்போதுதான் உஸ்ஸென்று ஏறி நின்ற நாற்காலியைக் கவனித்தேன். எல்லாம் விளங்கிவிட்டது. திடுமென்று எழுந்தால் அந்த நாற்காலியில் மின்சாரப் பொறி மாதிரி ஏதோ கிளம்புகிறது. என் மலிவு கேபிள் அதை இழுத்துக்கொண்டு திரையைக் கொஞ்சநேரம் குருடாக்குகிறது. நான் சாப்பிட எழுந்து போகும்போதும் அணைந்துதான் இருக்கும். முதுகில் கண் இல்லாததால் நான் பார்க்கவில்லை. சுபின் நாற்காலியில் உட்காரவே இல்லை. இதை நான் ஆர்வமாகச் சொல்லச்சொல்ல, போதகரின் முகத்தில் இரக்கம் கூடிக்கொண்டே போனது.

“நாற்காலியாலயா?” என்று ஒருதடவை மட்டும் கேட்டார்.

மாமனார் உடனே செய்துகாட்டத் தொடங்கினார். உட்கார்ந்தார், எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார். வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டும் எழுந்து பார்த்தார். கால்புண் கணக்கு அசையாமல் நின்றது. கடைசியில் மூச்சுவாங்கி நாற்காலியிலேயே சாய்ந்துவிட்டார். போதகர் எங்கள் இரண்டுபேர் தலையிலும் கைவைத்து, இந்த வீட்டில் இளையவரின் கண்களையும் மூத்தவரின் கண்களையும் காத்தருளும்படி ஜெபித்தார். டீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்க, வழியனுப்புவதற்கு மாமனார் துள்ளி எழுந்தார்.

திரை அணைந்தது.

“ஐயா, வாங்க, வந்து பாருங்க,” என்று மாமனார் வாசலுக்கு ஓடினார். போதகர் திரும்பி வந்து எட்டிப் பார்ப்பதற்குள் படம் வந்துவிட்டது. அவர் மாமனாரின் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

திரும்பி வந்த மாமனார் ஓரமாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எனக்குப் பாவமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கூடுதல்.

“மாப்பிள, இனி நான் வந்தா நீங்க எழும்பாண்டாம்,” என்றார்.

ஒரு தலைமையாசிரியர் இதற்குமேல் மன்னிப்புக் கேட்க முடியாது. பெமிலா சிரித்துச்சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். என் மனசில் இருந்த பாரம் அந்தச் சிரிப்பில்தான் இறங்கியது. பிறகு அவள் ஏதோ யோசித்தாள்.

“அப்போ நான் வந்தா மட்டும் ஏன் அணையல்ல?”

கணக்குக்கு விடை கண்டுபிடித்த குஷியில் இருந்தேன் நான். “நீ வந்தா நான் எழும்பமாட்டேன்லா,” என்றேன்.

சொன்ன பிறகுதான் அது என் காதில் விழுந்தது. நிறைவயிற்றோடு கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவள், “ஆமா,” என்று மட்டும் சொன்னாள்.

நல்ல கேபிள் ஒன்றை நாகர்கோவில் வடசேரியில் இருந்து வாங்கி வந்துவிட்டேன். இன்னும் மாட்டவில்லை. இப்போது பெமிலா அறைக்குள் வந்தால் துள்ளி எழுகிறேன். திரை அணைந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவள் டீயைக் கையில் தருகிறாள்.