நிபந்தனை ஏழுக்கு உட்பட்ட கதை

1

இந்தக் கதை ஒரே ஒரு வாக்கியத்திலிருந்து பிறந்தது. அந்த வாக்கியத்தை நான் எழுதவில்லை. எழுதியிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

"காப்பீடு பெற்றவர், நிறுவனத்தின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல், எந்தத் தவறையும் ஒப்புக்கொள்ளவோ, மன்னிப்புக் கோரவோ, இழப்பீடு தருவதாக வாக்களிக்கவோ கூடாது."

ஒரு சொல்லைக்கூட உருவ முடியாது. எந்தப் பக்கம் போனாலும் கதவு சாத்தியிருக்கிறது. என் அக்காவின் பாலிசியில் ஏழாவது நிபந்தனை இது. அக்கா ஆம்புலன்ஸில் டெக்னீஷியன். மாரடைப்பு, விபத்து, பிரசவம் என்று எந்த வீட்டுக்குள்ளும் டாக்டருக்கு முன்னால் நுழைகிறவள். நுழைந்த இடத்தில் அவள் கையால் யாருக்காவது கெடுதல் நேர்ந்து, அவர்கள் வழக்குப் போட்டால், வக்கீல் வைத்து வாதாடி, தோற்றால் நஷ்டஈடும் கொடுக்க ஒரு கம்பெனி இருக்கிறது. அதற்குப் பெயர் பொறுப்புக் காப்பீடு.

அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இன்ஷூரன்ஸா? யாரு செத்தா?" என்றாள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது இலக்கியம். ஆனால் கரண்ட் பில்லிலிருந்து கோர்ட் நோட்டீஸ் வரை என் மூக்குக்கு நேரேதான் நீட்டுவார்கள். "படிச்சவதானே, படிச்சுச் சொல்லு." ஊரில் உள்ள காகிதத்தையெல்லாம் படித்துச் சொல்லியே எனக்கு இந்தக் கோபம் வந்தது. கதையில் அது ஆங்காங்கே தட்டுப்படும். பொறுத்துக்கொள்ளுங்கள், அல்லது பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

2

முதல் தொடக்கம்:

ரொட்டிக்கடைக்காரர் மூன்றாவது மாடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் கிடையாது. படி குறுகல், ஸ்ட்ரெச்சர் திரும்பாது. அக்காவும் டிரைவரும் அவரை மடக்கு நாற்காலியில் உட்காரவைத்து, வார் மாட்டி, மேலே ஒருவர் கீழே ஒருவராக நின்று இறக்கினார்கள். இப்படி இறக்கும்போது முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: கையை உள்ளே வைத்துக்கொள்ளுங்கள், கம்பியைப் பிடிக்காதீர்கள். நாற்காலி சரியும்போது பயத்தில் கை தானாகக் கைப்பிடிக் கம்பிக்குப் போகும். பிடித்துவிட்டால் கை நிற்கும், நாற்காலி நிற்காது. அவர் பிடித்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. இதயம் பிழைத்துக்கொண்டது. படியில் இறங்குவதற்கு முன் அக்கா அவரிடம்

[இது அச்சுப்பிழை இல்லை. நான்தான் நிறுத்தினேன். இந்த வாக்கியத்தை முடித்தால், அக்காவுடன் ஒரே வீட்டில் இருக்கும் ஒருத்தி, அச்சில், தன் பெயரைப் போட்டு, நிபந்தனை ஏழை மீறியதாக ஆகிவிடும். எதிர்த்தரப்பு வக்கீல் கதை படிப்பாரா என்று கேட்கிறீர்களா? இந்த ஒரு கதையை வரிவரியாகப் படிப்பார். எனவே இதையும் அவர் பார்வைக்கு வைக்கிறேன்: கதையில் வரும் அக்கா என் அக்கா இல்லை. என் அக்காவுக்குத் தங்கையே கிடையாது.]

இரண்டாவது தொடக்கம்:

அக்கா தெளிவாகச் சொன்னாள். அவர்தான் கேட்கவில்லை.

கம்பெனிக்குப் பிடித்த தொடக்கம் இது. ஆனால் நெஞ்சில் பாறாங்கல்லோடு உட்கார்ந்திருக்கும் மனுஷன்மேல் பழியைத் தூக்கிப் போடுகிறேன். கை கூசியது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது தொடக்கம்:

உரிய அறிவுறுத்தல் வழங்கப்பட்டதா என்பது குறித்துத் தெளிவான

சீ.

3

தொடக்கம் இல்லாமலே மேலே போகிறேன்.

ரொட்டிக்கடை, அந்த வீட்டின் தரைத்தளத்தில் இருக்கிறது. அழைப்பு இல்லாதபோது ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் அதற்கு நேர் எதிரே. அக்கா வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் டீக்கு பன் வாங்குவது அங்கேதான். படியில் நடந்ததற்குப் பிறகு அவள் வண்டியை விட்டு இறங்குவதில்லை. டிரைவர் போய் வாங்கி வருவார். (வேகமாக ஓட்டுவதால் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.) அவரிடம் ரொட்டிக்கடைக்காரர் தினமும் ஒரே கேள்விதான் கேட்பாராம்: "தங்கச்சி வரலையா?" (அக்காவைத்தான் அவர் அப்படிக் கூப்பிடுவார்.)

"வண்டியில இருக்குன்னு சொல்றதா, லீவுன்னு சொல்றதா?" என்று ஆமை ஒருநாள் கேட்டார். "ரெண்டுல எதுன்னு சொல்லிடு. நான் மாத்தி மாத்திச் சொல்லி, அந்த ஆளு எனக்கு மறதி வியாதின்னு நினைக்கிறாரு."

பிறகு ரொட்டிக்கடைக்காரர் பேரில், நஷ்டஈடு கேட்டு, வக்கீல் நோட்டீஸ் வந்தது. அன்று சமையலறையில் எங்களுக்குள் நடந்தது இது. ஒரு சொல் மாற்றவில்லை.

"நான் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துடறேன்டி."

"என்ன பேசுவ?"

"என்ன பேசுவாங்க. மனசுல வச்சுக்காதீங்கண்ணேன்னு."

"அது மன்னிப்பு. கம்பெனி கையைக் கழுவிடும். அப்புறம் கேஸ் உன் ஒருத்தி தலையில. உன் சர்டிஃபிகேட்டும் போகும், இந்த வீடும் போகும்."

"அவரு முகத்தைப் பாக்காம வண்டிக்குள்ள தலையைக் குனிஞ்சு உக்காந்திருக்கேனே, அது எந்த நிபந்தனை?"

"அது எட்டாவது. கூச்சநாச்சம் இருந்தா பாலிசி செல்லாது."

அவள் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன். பாத்திரத்தைப் படாரென்று வைத்துவிட்டுப் போனாள்.

4

அதனால் நான் கம்பெனிக்கு ஃபோன் செய்தேன். வழக்குகளைப் பார்க்கும் ஆபீசர் பேசினார்.

"சார், கை எப்படியிருக்குன்னு கேக்கலாமா?"

"யாரு, யாரை?"

"என் அக்கா, ரொட்டிக்கடைக்காரரை."

"எந்தக் குரல்ல?"

நான் இலக்கியம் படித்த வகுப்பறையில்கூட இவ்வளவு நுட்பமான கேள்வியை யாரும் கேட்டதில்லை.

"சாதாரணமா சார். பக்கத்து வீட்டுக்காரங்க கேக்கற மாதிரி."

"கேக்கலாம்மா. நலம் விசாரிக்கறதுல தப்பில்ல. ஆனா அவரு திருப்பி ஏதாவது கேட்டா, பேச்சை மாத்திட்டு வெளிய வந்துடச் சொல்லுங்க."

"உங்க கை உடைஞ்சிருந்தா நீங்க கேக்க மாட்டீங்களா சார்?"

"கேப்பேன். அதனாலதான் சொல்றேன்."*

* இந்த ஆபீசரை வில்லனாக்கத்தான் நினைத்திருந்தேன். முதல் வரைவில் இரண்டு கல் மோதிரமும், பல்குத்தும் பழக்கமும் கொடுத்திருந்தேன். அந்தக் கடைசிப் பதிலுக்காக எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

 பாலிசியைக் கிழித்து முகத்தில் எறியும் கதாநாயகி வேண்டுமென்றால் வேறு கதைக்குப் போங்கள். இந்தக் காப்பீடு இல்லாவிட்டால் அக்காவைப் போன்றவர்கள் எந்த மாடிக்கும் ஏற யோசிப்பார்கள். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் இருக்கலாம்.

5

அக்கா சாலையைக் கடந்து கடைக்குள் போனாள்.

ரொட்டிக்கடைக்காரர் இடது கையால் மாவு பிசைந்துகொண்டிருந்தார். வலது கை, மேசையின் ஓரத்தில், வேறு யாருடையதோ போலச் சற்றுத் திரும்பிக் கிடந்தது.

"வா தங்கச்சி. என் பன் உனக்குப் பிடிக்காமப் போச்சோன்னு நினைச்சேன்."

"கை எப்படியிருக்குண்ணே?"

"ரொட்டின்னா பிடிக்குது. மாவுன்னா மாட்டேங்குது. உக்காந்து சாப்பிடத்தான் ஆசை போல அதுக்கு." அவர் நிமிர்ந்தார். "அந்த நோட்டீஸ் என் மச்சான் வேலைம்மா. வக்கீல் ஆபீஸ்ல இருக்கான். கையெழுத்து மட்டும் நான்தான் போட்டேன். அதுவும் இடது கையில."

கல்லாவிலிருந்து அவர் மனைவி தலையைத் தூக்காமல் பேசினாள். "கம்பியைப் போய்ப் பிடிச்சா உடையாம கொஞ்சுமா? இவரு என்னைக்கு யாரு பேச்சைக் கேட்டிருக்காரு. அன்னைக்கும் இந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கும். காதுல வாங்கியிருக்க மாட்டாரு."

ரொட்டிக்கடைக்காரர் மாவை விட்டுவிட்டு அக்காவின் பக்கம் குனிந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தங்கச்சி, வலியில எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்ல. கையை உள்ள வைக்கச் சொல்லி நீ சொன்னியா? நான்தான் கேக்கலையா? இவ தினமும் என்னைத்தான் திட்டுறா. நானும் என்னைத்தான் திட்டிக்கிறேன். அதை மட்டும் சொல்லிடும்மா. கேஸ் அது பாட்டுக்குப் போகட்டும்."

6

முடிவுகளைப் பார்ப்போம்.

முதல் முடிவு: எதிரே வண்டியில் வயர்லெஸ் அலறுகிறது. ஆமை ஹாரன் அடிக்கிறார். அக்கா ஓடுகிறாள். எழுதிப் பார்த்தேன், பக்கத்துக்கு அழகாகத்தான் இருந்தது. ஆனால் இது திருட்டுத்தனம். எழுத்தாளருக்குத் தைரியம் இல்லாத இடத்தில்தான் ஃபோன் அடிக்கும். வயர்லெஸை அணைத்துவிட்டேன். இந்தக் கதை முடியும்வரை நகரத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகாது, கவலை வேண்டாம்.

இரண்டாவது முடிவு: "பன் சூடா இருக்காண்ணே?" என்று கேட்டு அக்கா பேச்சை மாற்றுகிறாள். வீடு பிழைக்கும். சர்டிஃபிகேட் பிழைக்கும். தன் கையைத் தானே உடைத்துக்கொண்டதாக நினைத்தபடி அந்த மனுஷன் மிச்ச காலத்துக்கும் இடது கையால் மாவு பிசைவார். சட்டப்படி இதில் ஒரு குறையும் இல்லை.

மூன்றாவது முடிவு: உண்மை.

அதை நான் எழுத முடியாது. ஏன் என்று இரண்டாம் பகுதியிலேயே சொல்லியாயிற்று. நீங்கள் ஊகித்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். ஊகம் சாட்சி ஆகாது, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று. அந்தக் கடையில் இப்போது இருப்பவர்களில் எந்தக் காகிதத்தோடும் சம்பந்தமில்லாத ஒரே ஆள் நீங்கள்தான். நான் கதை சொல்லி உங்களை உள்ளே கூட்டி வந்துவிட்டேன். ரொட்டி வாங்க வந்தவரைப் போல நிற்கிறீர்கள். உங்களுக்குப் போக வீடு இருக்கிறது, அதை யாரும் பிடுங்க மாட்டார்கள். அவள் வாயிலிருந்து எது வர வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். செய்துவிட்டு, அதை அந்த மூன்று பேரின் முகத்துக்கு நேரே நின்று சொல்லிப் பாருங்கள். எங்கள் சமையலறையில் ஒரு வாரம் நடந்தது என்னவென்று அப்போது புரியும்.

அக்கா மேசைக்கு அந்தப் பக்கம் போனாள். மாவு ஒட்டாத அந்த வலது கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள், நாடி பார்ப்பவளைப் போல. (நிபந்தனை ஏழில் இதற்குத் தடையில்லை. திரும்பவும் படித்துப் பார்த்துவிட்டேன்.) கல்லாவிலிருந்த பெண் இப்போதுதான் தலையைத் தூக்கினாள்.

"அண்ணே," என்றாள் அக்கா. "அன்னைக்குப் படியில நான் உங்ககிட்ட