தப்பிய அளவு

சிவகாசியில் மாமனார் ரத்தினசாமி நடத்தும் பல் ஆஸ்பத்திரியில் ஸ்ரீமதிதான் கிளிப் போடும் டாக்டர். பால்பல் விழும் வயதுப் பிள்ளைகளுக்குக் கீழ்வரிசை முன்பல் நாலையும் அளப்பாள். ஈறுக்குள் கிடக்கும் பற்கள் எவ்வளவு அகலமாக முளைக்கும் என்று ஓர் அட்டவணை சொல்லிவிடும். இடம் போதாது என்று தெரிந்தால் நல்ல பல்லையே சிலதைப் பிடுங்கி வழிவிடுவாள். வெள்ளைக்காரப் பிள்ளைகளை அளந்து போட்ட அட்டவணை அது. படித்த காலத்தில் அவளுக்கு அது உறுத்தவில்லை.

உறுத்தியது, அவளே ஆராய்ச்சிக்காக நாரணாபுரம், மல்லாங்கிணறு பள்ளிகளில் பல்லெல்லாம் முளைத்துவிட்ட நூற்று அறுபது பிள்ளைகளை அளந்தபோதுதான். அட்டவணை சொன்னதைவிட இவர்கள் பல் சிறியது. பெண்பிள்ளைகளுக்கு இன்னும் சிறியது.

அழகுமீனாவின் முகம் நினைவுக்கு வந்தது. பட்டாசு ஆலையில் திரி வெட்டும் முத்துமாரியம்மாளின் மகள். பத்து வயதில் அவளுக்கு நாலு பல்லைப் பிடுங்கியவள் ஸ்ரீமதி. அப்போது எடுத்த அவள் பல்வரிசையின் அச்சைத் தேடியெடுத்துப் புது அளவில் கணக்குப் போட்டாள். தாடையில் இடம் இருந்திருக்கிறது. ஒரு பல்லையும் தொட்டிருக்க வேண்டாம்.

தாயையும் மகளையும் வரச்சொன்னாள். பதினாலு வயது அழகுமீனா வாயைப் பொத்தியபடியே உட்கார்ந்தாள். பல்வரிசையில் சந்துகள், மேலுதடு உள்வாங்கிக் கிடந்தது. ஸ்ரீமதி எதையும் மறைக்காமல் சொன்னாள்.

"அப்ப அந்த அட்டவணை யாரோட பிள்ளைகளோடது?" என்றாள் முத்துமாரியம்மாள்.

"வெளிநாட்டுப் பிள்ளைகளோடதுக்கா."

"எம்பிள்ளைய எதுக்கு அவுகள வச்சு அளந்தீக?"

ஸ்ரீமதி கிளிப் போட்டுச் சந்துகளை மூடித் தருவதாகச் சொன்னாள்.

"வேண்டாம்மா, இங்கன வேண்டாம்" என்று அழகுமீனா எழுந்துவிட்டாள்.

"மதுரையில காமிச்சுக்கிறோம். நடந்தத அப்படியே எழுதிக் குடுங்க, டாக்டரம்மா. அங்கன கேப்பாக" என்றாள் தாய்.

அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருந்த ரத்தினசாமி மருமகளைத் தனியே கூப்பிட்டார்.

"எழுதிக் குடுத்தா நாளைக்கு ஊர்ல பாதிப்பேரு வந்து நிப்பாக. ஆஸ்பத்திரிய இழுத்துப் பூட்டவா?"

"தப்புப் பண்ணது நான்தான மாமா?"

"எல்லா டாக்டரும் பண்றதத்தான் நீயும் பண்ணுன. பேசாம இரு."

அவள் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்த வாரமே வாசல் பலகையில் அவள் பெயர் மேல் வெள்ளைப் பெயிண்ட் அடிக்கப்பட்டது. கணவன் சரவணக்குமார் அவளுக்காக அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இரேன்" என்றான், லீவு கொடுப்பவனைப்போல. அவளுடைய இடத்துக்கு வந்த புது டாக்டர் பழைய அட்டவணையை வைத்தே கணக்குப் போடுவதாக நர்ஸ் சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து முத்துமாரியம்மாள் போன் செய்தாள்.

"சந்த மூடிரலாமாம். உதடு பளையபடி வராதாம்."

ஸ்ரீமதி என்னவோ சொல்ல வாயெடுத்தாள்.

"திட்டக் கூப்பிடலம்மா. நீங்க தெரிஞ்சுக்கிறணும்ல, அதான்" என்று முத்துமாரியம்மாள் போனை வைத்துவிட்டாள்.