அரைப்பேர் விருந்து

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டாம் ஆண்டு, இலங்கையில் ஹாலிஎலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்து மாதாகோவில் விருந்தில், ஆட்டின் முன்பாதி குழம்பில் வெந்து மணத்துக்கொண்டிருக்க, பின்பாதி அதே அண்டாவுக்குள் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. லண்டன் அரண்மனையில்கூட இப்படியொரு ஆடு சமைக்கப்பட்டதில்லை. அதைக் கண்ணால் பார்த்தும் நம்பாதவர் ஒரே ஒருவர்தான். தோட்டத்தில் கூலியாட்களை வேலை வாங்கும் சவரிமுத்துக் கங்காணி. விருந்தை நடத்தியவரும் அவரேதான்.

கோவில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் சனங்கள் குடை பிடித்தபடி முழங்காலிட்டார்கள். உபதேசியார் பிரசங்கம் செய்ய வாயைத் திறந்தால் தண்ணீர் தொண்டைக்குள் போனது. பிரசங்கம் சுருங்கியதில் யாருக்கும் வருத்தமில்லை என்றாலும், தகரம் போட்டுத்தானே ஆகவேண்டும்? விருந்து வைத்து, தோட்டத்து வெள்ளைக்காரத் துரைக்கும் பதுளைக் கடை முதலாளிமாருக்கும் சீட்டு விற்பதென்று முடிவாயிற்று. சவரிமுத்துவுக்குக் கூரைக் கவலை கிடையாது, அவருடைய குடை பெரியது. ஆனால் பெரிய கங்காணி வேலை காலியாயிருந்தது. விருந்து முடிந்த கையோடு ஆளைச் சொல்வதாகத் துரை அறிவித்திருந்தார். அன்றிலிருந்து சவரிமுத்துவுக்குப் பக்தி பொங்கி வழிந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே தப்படித்துப் பெண்களை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார். கோவிலுக்காகச் சும்மா உழைக்க வந்தவர்கள் அவர்கள். வேலாயி என்றொருத்தி உட்பட இந்துப் பெண்களும் அதில் இருந்தார்கள். கங்காணி கோட்டு போட்டு, பிரம்பைக் கக்கத்தில் இடுக்கி, வெங்காயம் உரிப்பதை மேற்பார்வை செய்தார். கொழுந்துக் கூடை நிறையாதவளுக்குத் தோட்டத்தில் பாதிக் கூலிதான், அதற்கு அரைப்பேர் என்று சொல்வார்கள். அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. பேசியவளுக்கு அரைப்பேர், தும்மிய கருப்பம்மாவுக்கு அரைப்பேர். நாற்காலியில் குந்தி மோர் குடித்த உபதேசியாருக்கு மட்டும் முழுப்பேர்.

“கூலியே இல்லாத வேலைக்கு அரைப்பேரா? எதுலங்க பாதி, கங்காணி?” என்றாள் வேலாயி.

“வாயாடினதுக்கு ஒனக்கு அரையிலயும் அரை” என்றார் அவர்.

சோற்று அண்டாவின் நடுவே கயிறு கட்டிப் பிரித்ததுபோல் ஒரு கோடு விழுந்தது. இந்தப் பக்கம் குழைந்த சோறு, அந்தப் பக்கம் கோழி கொத்தக்கூடிய பச்சரிசி. ஆட்டின் கதையைத்தான் சொல்லியாயிற்று. விறகு ஈரம் என்றார் கங்காணி. செத்துப்போன கோப்பிச் செடிகளின் அடிக்கட்டைகளையெல்லாம் தோண்டியெடுத்து அடுப்பில் திணிக்க வைத்தார். அந்தியில் கடையடைத்த பெரகலச் சந்தி வியாபாரிகள், மலைக்கு அப்பால் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து விடிந்துவிட்டதென்று மறுபடி கடை திறந்தார்கள். கோடு மட்டும் அசையவில்லை. முதலாளிமார் வெற்றிலையை மென்று தீர்த்துவிட்டார்கள். துரை சட்டைப்பைக் கடியாரத்தை எடுத்தார். சவரிமுத்துவின் கோட்டு முதுகில் நனைந்து ஒட்டிக்கொண்டது.

வேலாயி கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாக வந்தாள். “பாதி ஆளுங்க சமைச்சா பாதிதாங்க வேகும். எல்லாருக்கும் முழுப்பேரு போடுங்க. தொரைக்குக் கேக்குற மாதிரி.”

இந்தப் பொம்பளைப் பேச்சையெல்லாம் நம்புகிறவரா அவர்? ஆனாலும் துரை எழுந்து குதிரையைப் பார்த்துவிட்டார். சவரிமுத்து பிரம்பைக் கீழே போட்டு, தொண்டை கிழியக் கத்தினார். “வந்த பொம்பளைங்க அத்தன பேருக்கும் முழுப்பேரு!”

வால் நின்றது. சோறு பொங்கி மூடியைத் தள்ளிற்று. எல்லோரும் வயிறு முட்டத் தின்றார்கள். துரை இரண்டாம் முறையும் கறி கேட்டு வாங்கினார். கங்காணி என்ன கத்தினார் என்று கணக்கெழுதும் கிளாக்கரிடம் விசாரித்தார். கூலி கேட்காதவளுக்கே முழுப்பேர் போடுகிறவன் கூலிக்காரிக்கு என்னதான் போடமாட்டான் என்று யோசித்து, பெரிய கங்காணி வேலையை இன்னொரு கங்காணியான தங்கராஜாவுக்குக் கொடுத்தார்.

கோவிலுக்குத் தகரம் வந்தது. உபதேசியாரின் பிரசங்கம் பழையபடி நீண்டது. ஈர விறகுதான் காரணம் என்று சவரிமுத்து வருடக்கணக்காகச் சாதித்தார். கள்ளுக்கடையில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார், பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னார் என்று கேள்வி. பிறகு கோவில் மணிக்காக இன்னொரு விருந்து வந்தது. தங்கராஜா கோட்டும் பிரம்புமாக வந்து, முதல் வரிசையில் நின்ற ஒருத்திக்கு அரைப்பேர் என்று வாயெடுத்தார். பெண்களோடு குந்தி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சவரிமுத்து கத்தியைக் கீழே வைத்தார்.

“வேணாம் தம்பி. அன்னைக்கி வெறகு நல்லாக் காஞ்சுதான் இருந்துச்சு.”