சனிக்கிழமைத் தபால்

"ஒரு கிழமையாவது தொறந்து விடு வேலு, உன்னைக் கும்பிட்டு..."

"கும்பிடாதீங்க, மொதல்ல வாயக் கழுவுங்க..."

"...கேக்குறேன். வியாழனாவது..."

"வியாழனும் கிடையாது, வெள்ளியும் கிடையாது. கஞ்சியக் குடிங்க."

ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டிலிருந்த அந்த வீட்டுக்கு, தபால் நிறுத்திய நாட்களில் சாவும் வருவதில்லை. கட்டிலில் கிடந்து கெஞ்சிய பிச்சமுத்து, காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருந்தவர். வையம்பட்டிச் சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, திரும்பி வரும்வரை தபாலை ஆபீசிலேயே வைத்திருக்கும்படி அவர் மனைவி வேலம்மாள் தபால்காரி ஜெஸ்லினிடம் சொல்லிவிட்டுப் போனாள். வந்து பார்த்தால் தெருவெல்லாம் மழைத் தண்ணீர். அவள் வாசலில் மட்டும் போட்ட கோலம் போட்டபடி கிடந்தது. தபாலோடு மழையும் அங்கே நின்றிருந்தது. தெருக்காரர்கள் அதைத் தாண்டி, கத்தரிக்காய் விலை பேசிக்கொண்டு போனார்கள்.

பிறகு பிச்சமுத்துவின் ஈரலில் கட்டி வந்தது. டாக்டர் கையை விரித்த அன்றே வேலம்மாள் ஜெஸ்லினை வாசலில் மறித்து, எல்லாக் கிழமையும் தபாலை நிறுத்தச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை தபாலே கிடையாதேம்மா."

"இருந்தாலும் நிறுத்தி வையி தாயி."

வருஷங்கள் போயின. கையில் தூக்கி வந்தது மட்டும் வீட்டுக்குள் வந்தது. தானாக வரவேண்டியது எதுவும் வரவில்லை. துறையூரிலிருந்து அவரைப் பார்க்க வந்த சொந்தங்கள், தெருமுனையிலேயே எதற்கு வந்தோம் என்பதை மறந்து, பெருமாளைக் கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினார்கள். காவிரிக் காற்று பக்கத்து வீட்டோடு நின்றது. முன்பே வந்துவிட்ட வலி மட்டும் போகவில்லை. தூக்கமும் வெளியிலிருந்து வரவேண்டிய ஒன்று என்பது வேலம்மாளுக்குப் பிந்தித்தான் புரிந்தது. அவளாவது கோயில் மண்டபத்தில் போய்ச் சற்றுக் கண்ணயர்ந்து வந்தாள். எழ முடியாத மனுஷன் விட்டத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தார்.

"எந்தக் கிழமைன்னாலும் சரி," என்றார். "சனி மட்டும் வேணாம்."

சனிக்கிழமை போகிற உயிர் துணைக்கு இன்னொன்றைக் கூட்டிக்கொள்ளும் என்று பயந்து, பாடையில் கோழிக்குஞ்சைக் கட்டி அனுப்புகிற ஜனங்கள் அவர்கள்.

"அதான் கோழி கட்டுவாங்கள்ல?"

"மண்டியில எத்தனை தராசைப் பாத்தவன் நான். எமன் கோழிக்கெல்லாம் ஏமாற மாட்டான்டி."

வேலம்மாள் கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். மறுநாள் ஜெஸ்லினிடம் சனிக்கிழமையை மட்டும் திறந்துவிடச் சொன்னாள். எந்தக் கிழமை என்று அவர் கேட்டபோது, வாயில் இன்னொரு மடக்குக் கஞ்சியை ஊற்றினாள்.

சனிக்கிழமை காலையில் முதலில் மழை வந்தது. அத்தனை வருஷமும் நின்றுபோயிருந்த மழை, அந்த ஒரு வீட்டின் மேல் மட்டும் பெய்தது. அடுத்து எறும்பு வந்தது, காற்று வந்தது. ஜெஸ்லின் நனைந்தபடி தபால் மூட்டையை வாசலில் இறக்கிவிட்டு, காய்ந்து கிடந்த அடுத்த வீட்டுக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனாள். உள்ளே பிச்சமுத்து ஒரு கொட்டாவி விட்டார்.

வேலம்மாள் பாடைக்குக் கோழி வாங்கச் சொல்லி அனுப்பவில்லை. தலையை வாரிப் பூ வைத்துக்கொண்டாள். கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுக் கட்டிலுக்கு வந்தாள். அவர் கண் மூடியிருந்தது.

"ஏங்க, கொஞ்சம் நகந்து படுங்க."